முன்சக்கரம் தரையில் இருக்கட்டும்

கட்டையை நாலு பேர் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வரப்பில் வந்தார்கள்.

தூங்குமூஞ்சி மரத்துக் கட்டை. ஆள் தொடை கனம் இருக்கும். மழையில் நனைந்து பட்டை உரிந்து, உள்ளே கறுப்பாக வழவழவென்று இருந்தது. முன்னால் வந்தவன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். பின்னால் வந்தவன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். கல்யாண வீட்டுக்கு வாழைத்தார் கொண்டு வருகிற மாதிரி அவ்வளவு குஷி.

எனக்கு மட்டும் அது பாடை வருகிற மாதிரி இருந்தது.

எதிரே, எங்கள் தென்னந்தோப்பு முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு புது டிராக்டர். பின்சக்கரம் இரண்டும் பாதிக்கு மேல் சேற்றுக்குள். முன்னால் மண் அள்ளுகிற இரும்பு பக்கெட், யாரிடமோ கை நீட்டிக் கேட்கிற மாதிரி அந்தரத்தில் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுகிற சீட்டில் என் பெண்டாட்டி மலர்க்கொடி.

வண்டி என்னுடையது அல்ல. வாங்கலாமா வேண்டாமா என்று ஓட்டிப் பார்க்க வந்தது. பெண்டாட்டி என்னுடையவள்.

இனி தூக்கமாட்டேன்

குடவாசலுக்குத் தெற்கே எங்கள் ஊர். என் அப்பனும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர்கள். இப்போது எனக்கென்று கொஞ்சம் நஞ்சை, அதை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு, ஒரு குட்டை, ஒரு மாட்டுக்கொட்டகை.

படிப்பு என்று பார்த்தால், நான் மத்தியானச் சாப்பாட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போய், தட்டைக் கழுவிய கையோடு வீட்டுக்கு வந்தவன். நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் இதைப் போனில் அடிக்கிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள். பொய் இருந்தால் என்னைத் திட்டுங்கள்.

எங்கள் நிலத்து அடங்கலில் நெல் என்றும் தென்னை என்றும் எழுதியிருப்பார்கள். நான் பார்த்தவரை அங்கே விளைவதெல்லாம் சுமைதான். எருவைச் சுமக்க வேண்டும். குட்டையில் அள்ளிய வண்டலைத் தென்னைக்குச் சுமக்க வேண்டும். புயலில் சாய்ந்த மரத்தை அறுத்துத் துண்டு துண்டாகச் சுமக்க வேண்டும். ஆள் கூப்பிட்டால், 'திருப்பூர்ல இருக்கேன் மாமா' என்று போனில் பதில் வருகிறது.

மலர் சின்ன வயதிலிருந்து தலையில் சுமந்தவள். போன கோடையில் அவளுக்குக் கழுத்திலிருந்து விரல்வரை மரத்துப்போனது. தஞ்சாவூரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் தலையில் ஒரு துணி மூட்டைகூட வைக்கக் கூடாது என்றார். பக்கத்தில் நின்ற நான், அப்படியானால் என்னையும் அவள் தலையிலிருந்து இறக்கிவிட வேண்டியதுதானா என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது மலர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இனிமே நான் தூக்கமாட்டேங்க. தூக்குறதுக்கு ஒன்னு வாங்குங்க."

ஒன்று என்று அவள் சொன்னது, மண் அள்ளித் தூக்க முன்னால் லோடர் வைத்த டிராக்டரை. அவள் தம்பி சேகரின் பழைய டிராக்டரில் ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள். சமயத்துக்கு டிரைவர் வருவதில்லை என்று தானே உட்கார்ந்து பழகிவிட்டாள். எங்கள் வீட்டில் ஓட்டுவது அவள், கத்துவது நான்.

டிராக்டர் என்றதும் பஸ்ஸிலேயே எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அதற்குக் காரணம் கலியன் அண்ணன்.

சுர்ர் என்ற சத்தம்

எனக்குக் கல்யாணம் ஆகாத காலம். சம்பா நடவுக்கு முன்னால் சேறடிக்க வாடகை வண்டி வரும். ஓட்டுபவர் கலியபெருமாள், எங்களுக்குக் கலியன் அண்ணன். நான் அவருக்குப் பின்னால் வரப்போரத்தை மண்வெட்டியால் கழித்துக்கொண்டு போகிற ஆள்.

எங்கள் பக்கத்தில் வண்டி சேற்றில் புதைந்தால் ஒரு வைத்தியம் செய்வார்கள். பின்சக்கரம் இரண்டுக்கும் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு, சங்கிலியால் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். சக்கரம் சுற்றும்போது கட்டை சேற்றுக்குள் போய் மிதிக்கும். வண்டி அதன்மேல் ஏறி வெளியே வரும். பெரும்பாலும் வந்துவிடும். வந்ததும் கட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

வராவிட்டால்தான் சங்கதி. கட்டை சேற்றில் மாட்டிக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். இன்ஜின் நிற்காது. வண்டியில் சக்கரம் சுற்றவேண்டும். சக்கரம் சுற்ற முடியாவிட்டால், சக்கரத்தில் வண்டி சுற்றும். மூக்கைத் தூக்கிக்கொண்டு அப்படியே மல்லாக்க.

நான் வரப்பில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தேன். முன்சக்கரம் தரையைவிட்டு எழுந்தது. ஒரு சாண்தான். கன்றுக்குட்டி விளையாட்டாகக் காலைத் தூக்குகிற மாதிரி. அடுத்த கடி கடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சூடான சைலன்சர் சேற்றுத் தண்ணீரில் பட்டுச் சுர்ர் என்றது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம். அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. முன்சக்கரம் இரண்டும் வானத்தைப் பார்த்துச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. சேற்றிலிருந்து குமிழி வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் வரவில்லை.

வடை வாயிலேயே இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இன்றைக்கும் மலர் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பதில்லை. வெங்காயத்தைப் பாதியாக வெட்டித்தான் கல்லைத் தேய்க்கிறாள். ஏன் என்று நான் சொன்னதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை. ஒரு தடவை அந்தச் சத்தம் கேட்டு நான் கொல்லைப்பக்கம் போய் நின்றதைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

இது கவிழுமா

ஆகவே டிராக்டர் கடைக்கு நான் போனது, மாப்பிள்ளை பார்க்கப் போகிற பெண்ணின் அப்பன் மாதிரி. எல்லாரும் அழகைப் பார்ப்பார்கள். நான் குடிப்பானா, அடிப்பானா என்று பார்க்கப் போனேன்.

கும்பகோணம் போகிற ரோட்டில் அந்தக் கடை. எங்களைக் கவனித்துக்கொண்டவன் ஜாகிர் என்ற பையன். கூத்தாநல்லூர்க்காரன். இஸ்திரி போட்ட சட்டை, மூஞ்சி தெரிகிற அளவு பளபளப்பான ஷூ. குதிரைசக்தி என்கிறான், ஹைட்ராலிக் என்கிறான், கியர் என்கிறான். நான் ஒவ்வொரு வண்டியாகப் போய், மாட்டுக்குப் பல்லைப் பார்க்கிற மாதிரி டயரைத் தட்டிவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டேன். இது கவிழுமா?

கடைசியில் ஜாகிருக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, எல்லா வண்டியும் கவிழும்ணே. கவுக்கிற மாதிரி ஓட்டாம இருந்தாப் போதும்."

விற்கிறவன் வாயிலிருந்தே உண்மை வந்தால் பயம் இரண்டு மடங்காகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சேகரும் எங்களோடு வந்திருந்தான். அவன் கண் ஒரு பெரிய சிவப்பு வண்டியின்மேல். பக்கெட் டிப்பர் லாரிக்குமேல் எட்டும், ஊரெல்லாம் வாடகைக்கு விடலாம், பார்த்தாலே ஒரு கெத்து என்றான். அது பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. பக்கத்தில் ஒரு சின்ன வண்டி நின்றது. நாலு சக்கரமும் இழுக்குமாம். குள்ளம். பக்கெட்டும் சிறிசு. தென்னை வரிசைக்குள் இடிக்காமல் போய்த் திரும்பும்.

மலர் இரண்டிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பக்கெட்டை ஏற்றி இறக்குகிற கம்பியை ஆட்டி ஆட்டி, இது எதுக்கு, அது எதுக்கு என்று ஜாகிரைக் குடைந்தாள். அவன் பொறுமையாகச் சொன்னான். மண் அள்ளிய பக்கெட்டை முட்டி உயரத்துக்குமேல் தூக்கிக்கொண்டு ஓட்டக் கூடாது. உயரத்தில் வைத்துக்கொண்டு திருப்பினால் வண்டி சாயும். பின்பக்கம் கனத்துக்கு, சேறடிக்கிற ரொட்டவேட்டரை மாட்டியே வைக்க வேண்டும். அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, எனக்குச் சாவதற்கு இத்தனை வழி இருக்கிறதா என்று தலை சுற்றியது.

சின்ன வண்டியில் சீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு வளைவு இருந்தது. பந்தல் போட விட்ட கம்பியா என்று கேட்டேன்.

"கவுந்தா ஆளு நசுங்காம இருக்கிறதுக்குண்ணே. பெல்ட்டும் இருக்கு. ரெண்டும் சேர்ந்தாத்தான் பிரயோஜனம்."

நான் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கோயிலில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, இதுதான் வேண்டும் என்றேன். கலியன் அண்ணன் வண்டியில் அப்படி ஒரு கம்பி இல்லை.

சேகர் சிரித்தான். "மாமா, அதை எல்லாரும் கழட்டிப் போட்டுடறாங்க. தென்ன மட்டையில மாட்டும்." அதோடு விடவில்லை. எதுவானாலும் முதலில் பெரிய வண்டியைத் தோப்பில் ஓட்டிப் பார்ப்போம், அப்புறம் பேசலாம் என்று ஜாகிரிடம் ஏற்பாடு செய்துவிட்டான். மலரும் சரி என்றாள். என்னைக் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். டீ குடிக்கிறீர்களா என்று.

சிரித்த மூஞ்சி

ஜாகிர் வண்டியோடு வந்த அன்றைக்கு முந்தின நாள் ஐப்பசி மழை கொட்டியிருந்தது. நான் வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கச் சொன்னேன். மழையில் ஓட்டிப் பார்ப்பதுதான் சோதனை என்றான் சேகர். காய்ந்த தரையில் எல்லா வண்டியும் ராஜாதானாம்.

குட்டைக்கரையில் குவித்திருந்த வண்டலை மலர் பக்கெட்டில் அள்ளித் தென்னைக்குக் கொண்டுபோய்க் கொட்டினாள். நாள் முழுக்கக் கூடை கூடையாகச் சுமக்கிற மண்ணை, பேச்சுக் கொடுத்துக்கொண்டே கொட்டிவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. என்னைக் கட்டிக்கொண்ட அன்றைக்குக்கூட இல்லை.

திரும்பும்போது வயலோரமாக வளைத்தாள். அங்கே மேலே புல், அடியில் கொழகொழவென்று சேறு. முன்சக்கரம் தப்பித்தது. பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. முன்னால் எடுக்க எடுக்கச் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு இறங்கியது. டீசல் வாடையும் சேற்று வாடையும் கலந்து வந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக நான் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த வாடை.

அப்போதுதான் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ சொன்னார்கள், கட்டையைக் கட்டினால் ஒரே எக்கில் வந்துவிடும் என்று. நாலு பேர் கட்டை எடுக்கப் போனார்கள். சேகர் சங்கிலியை எடுத்தான்.

"கட்டாதீங்கடா," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. என் முகவெட்டு அப்படி. மேல்வரிசைப் பல் கொஞ்சம் முன்னால் வந்து, உதடு மூடாமல், அழுதாலும் சிரிக்கிற மாதிரியே தெரியும். என் அப்பன் செத்த அன்று தலைமாட்டில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்துக்கு வந்த ஒருவர், பெற்றவன் போயிட்டான், சிரிக்கிறான் பார் என்று எழுந்து போய்விட்டார். போதாததற்கு நான் வாயைத் திறந்தால் கேலிதான். ஊரில் என்னை எவனும் பத்து வருஷமாக நிஜமாக எடுத்துக்கொண்டதில்லை. அதில் எனக்கும் ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமை அன்றைக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்டது. வண்டி மல்லாக்கப் போகும், ஆள் அடியில் போய்விடும் என்று கத்துகிறேன். மாமா இன்னிக்கு நல்லா நடிக்கிறார் என்கிறான் ஒருவன். முன்னால் பக்கெட் கனம் இருக்கிறது, அதனால் மூக்குத் தூக்காது என்று சேகர் நிதானமாக எனக்கு விளக்கம் சொல்கிறான். இருக்கலாம். அவன் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இல்லை.

கட்டை வந்து சேர்ந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் பொத்தென்று போட்டார்கள். சேறு தெறித்து என் வாயில் விழுந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், கட்டையின்மேல் குப்புற விழுந்து அதைக் கட்டிக்கொண்டேன்.

திட்டம் எல்லாம் ஒன்றுமில்லை. விழுந்தேன், கிடைத்ததைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு இன்னும் பலமாகக் கேட்டது. இருவர் என் காலைப் பிடித்து இழுத்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு, வண்டிக்கு அடியில் தெரிந்த முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

திடீரென்று இன்ஜின் நின்றது.

மலர்தான் நிறுத்தினாள். சீட்டிலிருந்து திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தென்னை ஓலை சலசலப்பது கேட்டது.

"சேகரு, சங்கிலியக் கீழ போடு," என்றாள்.

"அக்கா, மாமா விளையாடுறாரு."

"அவரு விளையாடல. கீழ போடு."

கையை ஊன்றி

மலர் அவசரப்படவில்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே யோசித்தாள். பிறகு ஜாகிரைக் கூப்பிட்டாள். அவன் வந்தான். வருகிற வழியில் ஒரு ஷூவைச் சேறு வாங்கிக்கொண்டது.

"தம்பி, சேத்துல கால் மாட்டுனா நாம கைய ஊனித்தானே எந்திரிப்போம். இந்த பக்கெட்ட அப்படி ஊன முடியுமா?"

முடியும் என்றான் ஜாகிர். பக்கெட்டைத் தரையில் அழுத்தி, மெதுவாக மடக்கினால் வண்டியைப் பின்னால் தள்ளும் என்றான். கூடவே பின்கியரும் போட வேண்டும்.

"பின்னால போனா முன்னாடி தூக்குமா?"

"தூக்காதுக்கா. வேகம் மட்டும் வேணாம்."

கட்டை தூக்கி வந்த நாலு பேரும் மண்வெட்டி எடுத்துப் பின்சக்கரத்துக்குப் பின்னால் சேற்றை வெட்டிச் சரிவாக்கினார்கள். மட்டையும் ஓலையுமாக அதில் திணித்தார்கள். நான் கட்டையை விடவில்லை. அவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போய் வேலை பார்த்தார்கள்.

மலர் இன்ஜினைப் போட்டாள். பக்கெட் இறங்கி முன்னால் இருந்த கெட்டித்தரையில் பதிந்தது. அழுத்தினாள்.

முன்சக்கரம் இரண்டும் தரையைவிட்டு எழுந்தன.

ஒரு சாண்தான்.

அந்த ஒரு சாணை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன். காதுக்குள் சுர்ர் என்றது. உண்மையில் அங்கே எந்தச் சத்தமும் இல்லை. கண்ணை மூட வேண்டும் என்று தோன்றியது. மூட முடியவில்லை. பக்கெட்தான் தூக்குகிறது, இன்ஜின் தூக்கவில்லை என்று அறிவு சொன்னது. என் அறிவு எந்த அளவு என்று எனக்குத் தெரியும், அதனால் நம்பவில்லை.

பக்கெட் மடங்கியது. வண்டி ஒரு கையை ஊன்றிய கிழவன் மாதிரி முனகியது. ஓலை நொறுங்கியது. பின்சக்கரம் பின்பக்கமாக அரைச் சுற்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. முன்சக்கரம் தரையில் இறங்கியது. மறுபடி ஊன்றினாள். மறுபடி எழுந்தது. மறுபடி நான் செத்தேன். மூன்றாவது ஊன்றலில் வண்டி சேற்றிலிருந்து சப்பென்று கழன்று, கெட்டியான தோப்புத் தரைக்குப் போய் நின்றது.

எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து வேலியோரம் போய், காலையில் தின்ற இட்லியைக் கக்கினேன்.

எந்த வண்டி

ஒற்றை ஷூவோடு நின்ற ஜாகிர், பக்கெட் எவ்வளவு பலம் பார்த்தீர்களா என்று வியாபாரத்தை விட்ட இடத்தில் பிடித்தான். சேகர், பெரிய வண்டி என்பதால்தான் இதுவே முடிந்தது என்றான்.

மலர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "குள்ள வண்டியக் கொண்டுவாங்க தம்பி. அந்தக் கம்பியோட, பெல்ட்டோட."

"அக்கா, அந்தக் கம்பி மட்டையில மாட்டும்னு சொன்னேன்ல."

"மட்டைய வெட்டிக்கலாம்டா."

நான் டிராக்டர் தேர்ந்தெடுத்த லட்சணம் இவ்வளவுதான். நாலு சக்கரம் இழுப்பதும் தெரியாது, ஹைட்ராலிக்கும் தெரியாது. உங்களில் யாராவது லோடர் டிராக்டர் வாங்குவதாக இருந்து என்னிடம் யோசனை கேட்டால், கம்பி இருக்கிறதா பாருங்கள், பெல்ட்டைப் போடுங்கள், கட்டையைக் கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அந்தக் கட்டையை அன்றைக்கே கோடாலியால் பிளந்தேன். ஈரக்கட்டை, அடுப்பில் புகையாகத்தான் எரிந்தது. மலர் இருமிக்கொண்டே சமைத்தாள்.

சாப்பிட உட்காரும்போது கேட்டேன். ஊரே சிரித்தது, உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

"உங்க பல்லு தெரியல," என்றாள். "கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து, தூங்கும்போதுகூட உங்க வாய் மூடி நான் பாத்ததில்ல. இன்னிக்கு மூடியிருந்துச்சு."

என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே அவளே மேலும் சொன்னாள்.

"இன்ஜின் ஓடுறப்ப நீங்க கத்துறது எனக்குக் கேக்காதுங்க. திரும்பிப் பாப்பேன். பல்லு தெரிஞ்சா ஓட்டுவேன். தெரியலன்னா நிறுத்திடுவேன்."

குள்ள வண்டி வந்துவிட்டது. மாலை போட்டு, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி இறக்கினோம். மலர் இப்போது எதையும் தலையில் வைப்பதில்லை. அவள் வண்டி எடுக்கிற நேரமெல்லாம் நான் வரப்பில் போய் நிற்கிறேன். கண் முன்சக்கரத்தின்மேல் இருக்கும். போகிறவர்கள், பெண்டாட்டி உழைக்கிறாள், இவன் நின்று இளிக்கிறான் பார் என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

காற்றில் பல் காய்ந்து, உதடு அதில் ஒட்டிக்கொள்கிறது. நாக்கால் ஒரு தடவை ஈரப்படுத்தினால் தேவலாம் போலத்தான் இருக்கும். அதற்கு வாயை மூட வேண்டும்.

அவள் திரும்பிப் பார்க்கிறாள். நான் மூடுவதில்லை.